மழைக்காலத்து விரட்டல்

தங்கமீன் வளர்ப்புப் புத்தகங்களில் இனப்பெருக்கப் பகுதியைப் புரட்டினால் முதல் பத்தியிலேயே வசந்தகாலம் வந்துவிடும். பனி உருகும், குளத்து நீர் மெல்லச் சூடேறும், மீன்கள் முட்டையிடும். எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள், அவர்களுக்கு அது சரி. சென்னைப் புறநகரான மாடம்பாக்கத்தில் மொட்டைமாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் ஒருவர் அதை நம்பி மார்ச் மாதம் வரை காத்திருந்தால் பருவத்தின் பெரும்பகுதி கைநழுவியிருக்கும். நம் ஊரில் தங்கமீனுக்குக் காலம் ஐப்பசியில் பிறக்கிறது.

தங்கமீனின் மூதாதை, சீனத்தின் மிதக்குளிர்ப் பகுதிகளில் வாழ்ந்த ஒரு கெண்டை வகை. அதன் சினை நன்றாக முதிரக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டி நீர் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மீன் பிழைத்துக் கிடப்பதே பெரிது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அப்போது அவற்றிடம் முட்டையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். தொட்டி நீர் 25, 26 டிகிரிக்கு இறங்கும். மார்கழி விடியலில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறையும். மழை தொட்டியை நிரப்பி வழியும்போது, கோடையில் சேர்ந்திருந்த கழிவும் உப்பும் நீர்த்துப்போகும். இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு வானம் வெளுத்து வெயில் எட்டிப் பார்க்கிறதே, அந்தக் காலையில் தொட்டிப்பக்கம் போய் நில்லுங்கள்.

பகல் நீள்வதும் ஒரு தூண்டுதல் என்று படித்திருப்பீர்கள். குளிர்நாடுகளில் கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் பல மணி நேரம் வேறுபடும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே இங்கே மீனை நகர்த்துவது பெரும்பாலும் நீரின் வெப்பம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சுற்று, மழை ஓய்ந்து தை, மாசியில் நீர் மீண்டும் மெல்லச் சூடேறும்போது இன்னொரு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டி மீன்களுக்கு மழை தெரியாதே என்றால், மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ, முட்டையிடும் பெண்ணை ஆண்கள் துரத்தும் விரட்டல் தொடங்குவது உண்டு. பனிக்கட்டியைப் போட்டு வேலையைச் சுருக்கப் பார்க்க வேண்டாம். திடீர்க் குளிர் நோயைத்தான் வரவழைக்கும்.

ஆண் எது, பெண் எது

ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் மீன்களில் ஆண் பெண் பிரித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊகிக்கிறார்கள். அதற்கு மேல் போனால் அடையாளங்கள் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தில் கண்ணாடித் தொட்டியைவிட அகன்ற பிளாஸ்டிக் டப் மேல். பெண் மீனின் வயிறு, சினை ஏறும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் புடைத்திருக்கும். கழிவுத் துளை சற்று வெளித்தள்ளியிருக்கும். ஆண் மீன் ஒடுங்கிய உடம்போடு, பின்பகுதி வரை ஒரே சீராக இருக்கும்.

ஆணுக்கு உறுதியான அடையாளம், செவுள் மூடியின் மேலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பு எலும்பிலும் வரும் வெள்ளைப் பருக்கள். கையால் தொட்டால் சொரசொரப்பு தெரியும். இதைப் பார்த்துப் பயந்துபோய், வெண்புள்ளி நோய் என்று மருந்து ஊற்றுகிறவர்கள் ஏராளம். இரண்டையும் பிரிப்பது எளிது. நோய்ப் புள்ளிகள் வால், முதுகுத் துடுப்பு, உடம்பு என்று கண்ட இடத்தில் இருக்கும். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறும். மீன் கல்லிலும் சுவரிலும் உடம்பைத் தேய்க்கும். ஆணின் பருக்கள் இருபுறமும் ஒத்த இடங்களில் வரிசையாக நிற்கும், மீன் சுறுசுறுப்பாக இருக்கும், பருவம் முடிந்ததும் தானாக மறையும். நம் வெப்பத்தில் சில ஆண்களுக்குப் பரு ஆண்டு முழுக்க நிற்பதும் உண்டு. சிலவற்றுக்கு வராமலே போவதும் உண்டு. எனவே பரு இல்லை என்பதற்காக ஒரு மீனைப் பெண் என்று முடிவு கட்டிவிட முடியாது.

வயிறு புடைத்ததெல்லாம் சினையும் அல்ல. மேலேயிருந்து பார்க்கும்போது செதில்கள் பலாக்காய்த் தோல் போலக் குத்திட்டு நின்றால் அது உடம்பில் நீர் கோத்த நோய். அந்த மீனை உடனே தனியே எடுத்துவிட வேண்டும். செதில் படிந்திருந்து, மீன் சாய்ந்தோ தலைகீழாகவோ மிதந்தால், பெரும்பாலும் தீனி மிஞ்சிய கோளாறு; இரண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். சினை ஏறிய மீன் வயிறு பெருத்தாலும் நிமிர்ந்து நீந்தும், தீனிக்கு ஓடிவரும். முட்டையிட வாய்ப்புக் கிடைக்காவிட்டால் வயிற்றில் முட்டை தங்கி மீன் செத்துவிடும் என்ற பயம் கடைகளில் பரவலாக உலவுகிறது. இடாத சினையைத் தங்கமீனின் உடம்பு பெரும்பாலும் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றைப் பிதுக்கி முட்டையை எடுக்கும் வேலையைத் தொழில்முறை வளர்ப்பாளர்கள் செய்கிறார்கள். வீட்டில் நாம் செய்தால் உள்ளுறுப்பு நசுங்கும்.

விடியலில் நடப்பது

வீட்டு மீன்களில் தங்கமீனைப் போல ஆய்வகங்களில் துருவிப் பார்க்கப்பட்டவை குறைவு. 1980களில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நார்மன் ஸ்டேசியும் பீட்டர் சோரன்சனும் உடன் உழைத்தவர்களும் கண்டுகொண்டதுதான் இந்த அத்தியாயத்துக்கே சாவி. முட்டை முதிரும் இரவில் பெண் மீன் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனை நீரில் கசியவிடுகிறது. அந்த வாசம் எட்டியதும் ஆண்களின் உடம்பில் விந்து பெருகத் தொடங்குகிறது. விடிவதற்குள் அவை தயாராகிவிடுகின்றன. பின்னிரவில் முட்டைகள் சினைப்பையிலிருந்து விடுபட்டதும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் இன்னொரு பொருள் வெளிவருகிறது. அது ஆண்களைத் துரத்த வைக்கிறது. முதலாவது தயார்ப்படுத்த, இரண்டாவது ஓட வைக்க.

இதனால் நமக்கு ஒரு வசதி. விரட்டல் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை வைத்தே அது என்ன என்று சொல்லிவிடலாம். வெளிச்சம் வரும் முன்பே தொடங்கி, முற்பகலுக்குள் ஓய்ந்துவிட்டால் அது முட்டையிடல். ஒன்று, இரண்டு, சில சமயம் நான்கு ஆண்கள் ஒரே ஒரு மீனைப் பின்தொடரும்; அதன் கழிவுத் துளைப் பக்கம் மூக்கால் முட்டும்; செடிக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே தள்ளும். பெண் செடிக்குள் புகுந்து ஒருக்களித்து உடம்பை உதறும்போது முட்டைகள் சிதறும். அந்தக் கணமே ஆண் பக்கத்தில் உரசி விந்தைப் பாய்ச்சும். நீரெல்லாம் தெறிக்கும். மாடியில் யாரோ துணி அலசுகிறார்கள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால் மீன்களாக இருக்கும்.

பட்டப்பகலில், மாலையில், நாள் கணக்காக ஒரு பெரிய மீன் ஒரு சின்ன மீனைத் துரத்தினால் அது வேறு கதை. இட நெருக்கடி, தீனிப் போட்டி, அல்லது நோயுற்ற மீனைச் சீண்டுதல். பெண்ணே இல்லாத தொட்டியில் ஆண்கள் ஒன்றையொன்று விரட்டுவதும் உண்டு. உண்மையான முட்டையிடலிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் விரட்டல் நீண்டு, பெண்ணின் துடுப்பு கிழிந்து, அது மூலையில் ஒதுங்கினால் வேடிக்கை பார்க்க வேண்டாம். வலையில் எடுத்துத் தனிவாளியில் விடுங்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்பது போதுமான கணக்கு. ஆறு ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணை விட்டு வைப்பது கொடுமை.

நம் கடைகளில் அதிகம் விற்கும் ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் எல்லாம் உருண்டை உடம்புக்காரர்கள். இவர்களுக்கு வேகம் போதாது. ஆண் துரத்தி நெருங்குவதற்குள் முட்டை கீழே விழுந்துவிடும், அதனால் கருவுறாத முட்டைகள் அதிகமாக இருக்கும். ஒற்றை வால் காமெட்டும் ஷுபுன்கினும் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். முதல் தடவை முயல்கிறவர்கள் அவற்றோடு தொடங்கினால் ஏமாற்றம் குறையும்.

முட்டைக்கு ஒரு இடம்

தங்கமீன் முட்டை ஒட்டும் தன்மை உள்ளது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். எதில் பட்டாலும் பிடித்துக்கொள்ளும். பெற்ற மீன்களோ விரட்டல் ஓய்ந்த கையோடு அவற்றைத் தேடித் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே முட்டை ஒட்டும் பொருள் அப்படியே தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெங்காயத்தாமரையின் வேர்க்கொத்து முட்டை ஒட்டுவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். வேலம்பாசியும் நல்லது. ஆனால் மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளில் இறங்கி அள்ளிக்கொண்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புறநகர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது ஒரு பக்கம். அந்த வேர்களோடு அட்டையும் நத்தையும் தட்டானின் இளம்புழுவும் சேர்ந்து வரும். தட்டான் புழு ஒன்று போதும், ஒரு வாரத்தில் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். நைலான் கயிறே பாதுகாப்பு. பச்சை நைலான் கயிற்றை முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனை முழுவதையும் இழை இழையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, பாதி மிதக்கும்படி ஒரு தெர்மாகோல் துண்டில் கட்டித் தொட்டியில் விடுங்கள். இரண்டு மூன்று கொத்துகள் போதும். வடசென்னையின் கொளத்தூர் பல பத்தாண்டுகளாக வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பெயர்போன இடம். அங்கே சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கும் இந்தக் கயிறும் வேரும்தான் கருவி. விலை உயர்ந்த சாமான் எதுவும் இதில் இல்லை.

விரட்டல் ஓய்ந்ததும் கொத்துகளை எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய இன்னொரு டப்புக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம், காற்று கரைவது மேற்பரப்பு வழியாகத்தான். பெரியவர்களின் தொட்டியில் அன்றைக்கே பாதி நீரை மாற்றியாக வேண்டும். விந்தும் உடைந்த முட்டையும் சேர்ந்து நீரில் நுரை கட்டியிருக்கும், கவுச்சி வீசும். அப்படியே விட்டால் மாலைக்குள் அம்மோனியா ஏறிவிடும். முட்டை கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டால் தாய்மீனையே இழக்க நேரும்.

முதல் நாள் முடிவதற்குள் சில முட்டைகள் சுண்ணாம்பு நிறத்துக்கு மாறும். அவை கருவுறாதவை. அவற்றில்தான் பஞ்சு போலப் பூஞ்சணம் முதலில் பிடிக்கும், பிறகு பக்கத்து நல்ல முட்டைக்கும் தாவும். பொறுமை இருந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். இல்லையென்றால் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூவை நீர் வெளிர்நீலமாகும் அளவு மட்டும் சேருங்கள். இது முட்டைத் தொட்டிக்கு மட்டும். பில்டர் ஓடும் பெரிய தொட்டியில் ஊற்றினால் அங்கே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் செத்துவிடும். நாட்டுவாதாம் சருகு ஒன்றிரண்டை நீரில் போடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

25 டிகிரி நீரில் மூன்று நாளில் குஞ்சு வெளிவரும். 20 டிகிரி என்றால் ஐந்து நாளுக்கு மேல் ஆகும், 28 என்றால் இரண்டு நாள். இரண்டாம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை கண்கள்.

தண்ணீர்

இந்தப் பகுதி வீடுகளில் போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்து புழங்குகின்றன. மூன்றுக்கும் மூன்று விதமான எச்சரிக்கை தேவை. போர்வெல் நீர் பூமிக்குள்ளிருந்து வரும்போது ஆக்சிஜன் குறைந்தும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தும் இருக்கும். ஒரு நாள் ஏர்பம்ப் போட்டுக் கொப்பளிக்க வைத்த பிறகே பயன்படுத்துங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும், அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகள் இருக்கின்றன. லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது லாரிக்காரருக்கே சில சமயம் தெரியாது. அதில் முதலில் ஒரு சாதாரண மீனை விட்டுப் பார்ப்பது மோசமான யோசனை இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று மீனுக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தாது உப்புகள் நீக்கிய நீர் குஞ்சுக்கு ஆகாது. மழைநீருக்கும் அதுதான் குறை. தொட்டியில் விழுந்து கலப்பது நல்லது. மழைநீரை மட்டுமே நிரப்பினால் அமிலத்தைத் தாங்கும் சக்தி நீருக்கு இருக்காது, அமிலத்தன்மை ஒரே இரவில் எகிறிவிடும். பாதிக்குப் பாதி போர்வெல் நீர் கலந்தால் கவலை இல்லை. நம் போர்வெல் நீரின் கடினத்தன்மை குளியலுக்கு எரிச்சலாக இருக்கலாம், தங்கமீனுக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

முதல் மாதம்

வெளிவந்த குஞ்சு நான்கைந்து மில்லிமீட்டர் நீளம். கண்ணும் வாலும் உள்ள ஒரு நூல் துண்டு. இரண்டு நாள் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கும். வயிற்றிலுள்ள கருவுணவே அப்போது அதற்குச் சாப்பாடு. நீங்கள் எதைப் போட்டாலும் அது அழுகத்தான் செய்யும். எல்லாம் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும் நாளில்தான் தீனி. அந்த வாய்க்குள் எளிதில் போகக்கூடியவை நீரிலுள்ள நுண்ணுயிர்கள். எனவே விரட்டலுக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு வாளிப் பழைய தொட்டி நீரில் கைப்பிடி வைக்கோலோ ஒரு வாழைப்பழத் தோலோ போட்டு மாடியில் நிழலில் வைத்திருந்தால், நீர் முதலில் கலங்கி, பிறகு தெளியும்போது நுண்ணுயிர் பெருகியிருக்கும். வெயிலில் பச்சை பிடித்த தொட்டி நீர் இருந்தால் அதுவும் போதும். அதைச் சுத்தம் செய்து கொட்டாமல் இருப்பதே இந்தப் பருவத்துக்கான முன்னேற்பாடு.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிவது எல்லோருக்கும் தெரிந்த வழி. வேலை செய்யும்தான். ஆனால் பட்டாணி அளவு மஞ்சள் கரு போதுமான இடத்தில் கால்வாசியைக் கரைத்துவிட்டு, மறுநாள் காலையில் நாற்றமடிக்கும் நீரில் செத்த குஞ்சுகளை அள்ளுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. என்னைக் கேட்டால் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால்தான் நல்ல தீனி. கடைகளில் அதன் முட்டை சிறு பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பு, கால் தேக்கரண்டி முட்டை, அடியிலிருந்து வேகமாகக் காற்று. நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் திரளும். அவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் நல்ல நீரால் அலசிக் கொடுங்கள். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டன என்று பொருள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. பத்து நாள் கழித்து மொய்னா என்னும் நீர்த்தெள்ளும், நுணுக்கிய குருணைத் தீனியும். நாள்தோறும் ஏர் டியூபால் அடியிலுள்ள கழிவை உறிஞ்சி எடுத்து, பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். பில்டர் என்றால் ஸ்பாஞ்ச் பில்டர் மட்டும், அதுவும் மெதுவாகக் குமிழிவிடும்படி. மழைக்காலத்தில் மின்தடை எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், பேட்டரியில் ஓடும் ஏர்பம்ப் ஒன்றைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பது அவசியம்.

புத்தகங்கள் அதிகம் பேசாத ஒன்று கொசு. பெரிய தங்கமீன் இருக்கும் தொட்டியில் கொசுப்புழு தங்காது, தின்றுவிடும். குஞ்சுத் தொட்டியில் அப்படி இல்லை. தெளிந்த, அசையாத, ஒரு சாண் ஆழ நீர், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும்; உங்கள் குஞ்சுகளோ அந்தப் பத்து நாளில் கொசுப்புழுவை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. எனவே டப்பின் வாயைக் கொசுவலையால் மூடி, விளிம்பில் ரப்பர் பட்டையோ கயிறோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தட்டான் முட்டையிடுவதும் இதனால் நிற்கும், காக்கையும் எட்டாது. தாம்பரம் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வரும் காலமும் இதுவே. மூடாத டப்பைப் பார்த்தால் கவிழ்த்துவிடச் சொல்வார்கள், சொல்வதில் தப்பும் இல்லை.

எத்தனை குஞ்சு

ஒரு பெண் மீன் ஒரு காலையில் சில நூறு முட்டை இடும். பெரிய மீன் ஆயிரக்கணக்கில் இடும். எல்லாவற்றையும் வளர்த்துவிடலாம் என்று ஆசைப்படும் இடத்தில்தான் வேலை கெடுகிறது. 100 லிட்டர் டப்பில் ஒரு மாதம் வரை ஐம்பது அறுபது குஞ்சு நன்றாக வளரும். முந்நூறு போட்டால் முந்நூறும் நோஞ்சானாக நிற்கும். ஐம்பதும் பெரிதாகும்போது, மீன் ஒன்றுக்குக் குறைந்தது 40 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மாடி தாங்குமா என்று. இந்த முடிவை முட்டைக் கட்டத்திலேயே எடுப்பது சுலபம். ஒரு கொத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பெரிய மீன்களிடமே விட்டுவிடுங்கள். இயற்கையில் நடப்பது அதுதான். இரண்டு நாளில் சுத்தமாகத் தின்றுவிடும். குஞ்சே வேண்டாம் என்றால் கயிறே கட்ட வேண்டாம்.

முட்டைக் கட்டத்தில் மனம் வராதவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்ததே. ஒரு வாளியோடு ஏரிக்கரைக்குப் போகிறார்கள், புண்ணியம் செய்த நிறைவோடு திரும்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் என்ற ஊரின் கெல்லர் ஏரியில் 2021 ஜூலையில் அமெரிக்கக் கால்பந்து அளவுத் தங்கமீன்கள் பிடிபட்டன. வீட்டு மீனை ஏரியில் விடாதீர்கள் என்று நகர நிர்வாகம் படத்தோடு அறிவிக்க வேண்டியிருந்தது. கொலராடோவின் போல்டர் பக்கத்து டெல்லர் ஏரியில் 2015இல் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தவை, யாரோ கொண்டுவந்து விட்ட சில மீன்களின் வாரிசுகள் என்றே அதிகாரிகள் கருதினார்கள். தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், செடிகளைப் பிடுங்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். நமக்கு ஏற்கெனவே சென்னை நீர்நிலைகளில் சக்கர் மீன் என்ற அனுபவம் இருக்கிறது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெருத்ததும் கொண்டுபோய் விட்டதன் பலன். தென்சென்னைப் புறநகர் ஏரிகள் பல ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வடிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்பவை. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஓர் ஏரியில் விட்ட மீன் அந்த ஏரியோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தரைமட்டத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, தொட்டி மீன் ஏரிக்குப் போக மனிதர் கை தேவையில்லை என்பது புரியும். கனமழை அறிவிப்பு வந்தால் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறைத்து, மேலே வலை கட்டிவிடுங்கள்.

மூன்றாவது வாரத்தில் வாலைப் பாருங்கள். ஒரண்டா, ரியூகின் வகைகளில் கூட ஒற்றை வால் குஞ்சுகள் நிறையவே வரும். அவை ஆரோக்கியமானவை, தனியே பிரித்தால் போதும். முதுகெலும்பு வளைந்தவை, வாய் மூடாதவை, நீந்த முடியாமல் அடியில் கிடப்பவை தேறாது. அவற்றை வடிகாலில் ஊற்றாமல், ஒரு கிண்ண நீரில் நன்றாகக் குலுக்கிக் கரைத்த கிராம்பு எண்ணெய்ச் சொட்டுகளில் விட்டால் மயங்கி, மயக்கத்திலேயே உயிர்விடும். நிறத்தைப் பார்த்து எதையும் கழிக்க வேண்டாம். எல்லாக் குஞ்சுகளும் முதலில் சேற்று நிறம்தான். சில இரண்டு மாதத்தில் பொன்னிறமாகும், சிலவற்றுக்கு ஓராண்டு ஆகும், சில கடைசி வரை மாறாது. வெயில் படும் தொட்டியில் நிறம் சீக்கிரம் ஏறும்.

மிஞ்சியதைக் கொடுக்க நமக்கு வழி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கும் செடிகளுக்கும் நடுவே வண்ண மீனும் விற்கிறார்கள். பேட்டைக் கடைக்காரரிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சை யாரும் சீண்ட மாட்டார்கள். ஒற்றை வாலாக இருந்தால், "இதெல்லாம் பெரிய மீனுக்குத் தீனிக்குத்தான் சார் போகும்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதற்குச் சம்மதமா என்று நீங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். பணத்தைவிட, அந்தத் தொகைக்கு ஈடாகத் தீனிப் பொட்டலமோ ஸ்பாஞ்ச் பில்டரோ கேட்டால் பேரம் சீக்கிரம் படியும். கொண்டுபோகும் முந்தைய நாள் தீனி போடாதீர்கள். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி காற்று; இரட்டைப் பை, அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் குஞ்சு மூலையில் சிக்கி நசுங்காது. காலை வண்டியிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பை சூடாகிவிடும்.